நின்ற வண்டிக்குப் பக்கத்தில் வரும் கார்

தாம்வே சொந்தங்கள் குழு, யாங்கோன்
புதன்கிழமை இரவு

ஜெயந்தி: பாக்கியம் அத்தைக்கு ஒன்றும் இல்லையே? மார்க்கெட் பக்கம் ரோட்டில் விழுந்துவிட்டார்கள் என்று கீழ்வீட்டில் சொன்னார்கள்.

பாக்கியம் அத்தை: நான் விழவில்லை அம்மா, பைதான் விழுந்தது. கத்தரிக்காய் ரோடு முழுக்க உருண்டது. நான் ரோடு கடக்கிற வெள்ளைக்கோட்டில்தான் போனேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கண்ணன் ஆரம்பித்துவிடுவான்.

கண்ணன்: நான் இன்னும் வாயே திறக்கவில்லையே அத்தை 😀

பாக்கியம் அத்தை: ஒரு வேன் நின்றது. ஓட்டின பையன் போங்க போங்க என்று கை காட்டினான். நல்ல பிள்ளை என்று நினைத்து இறங்கினேன். வேனைத் தாண்டித் தலையை நீட்டுவதற்குள் அடுத்த லைனில் ஒரு கார் சர்ரென்று வந்து, பக்கக் கண்ணாடியால் பையைத் தட்டிவிட்டுப் போய்விட்டது. ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் பைக்குப் பதில் நான்தான்.

ஜெயந்தி: ஐயோ!

விமலா டீச்சர்: வெள்ளைக்கோட்டில் கால் வைத்தவருக்குத்தான் முதல் வழி. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், ஓட்டுகிறவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

கண்ணன்: டீச்சர், முதல் வழி சரிதான். ஆனால் நடக்கிறவர்களையும் கொஞ்சம் பாருங்கள். கோடு அங்கே இருக்கும், இவர்கள் இங்கே இரண்டு பஸ்ஸுக்கு நடுவிலிருந்து போன் பார்த்துக்கொண்டே வருவார்கள். கரண்ட் போனால் சிக்னலும் கிடையாது, தெருவிளக்கும் கிடையாது. கறுப்புச் சட்டை போட்ட ஆள் கிட்ட வந்த பிறகுதான் கண்ணில் படுகிறார்.

ஜெயந்தி: அத்தை கோட்டில் போனார்கள், பகலில் போனார்கள். அதைப் பேசு.

கண்ணன்: பேசுகிறேன். தப்பு அந்தக் கார்க்காரன் மேல்தான், அதில் சந்தேகமே இல்லை. கோட்டுக்கு முன்னால் ஒரு வண்டி நின்றால், அது சும்மா நிற்காது, யாரோ கடக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் அத்தையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கு அத்தை தெரிந்திருக்க மாட்டார்கள். நம் ஊர் வண்டியில் அது முடியாது.

விமலா டீச்சர்: ஏன் முடியாது?

கண்ணன்: நாம் ஓட்டுவது வலது பக்கம். ஸ்டியரிங் இருப்பதும் வலது பக்கம். நின்ற வேனுக்கு இடது பக்கமாகத் தாண்டிப் போகும்போது, ஓட்டுகிறவன் வேனை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறான். வேனுக்கு முன்னால் நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது, சுவரை ஒட்டி நடப்பது மாதிரி. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தால் வேனிலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பான், அத்தையைக் கொஞ்சம் முன்னாடியே பார்த்திருப்பான். என் புரோபாக்ஸ் காரிலும் இதே கதைதான்.

சோமு மாமா: இதெல்லாம் 1970இல் வந்த வினை. டிசம்பர் 6. நான் சின்னப் பையன். அதுவரை வெள்ளைக்காரன் வைத்த மாதிரி இடது பக்கம் ஓடியது, அன்றைக்கு வலது பக்கம் ஆகிவிட்டது. ஜோசியர் சொல்லித்தான் அப்போது நாட்டை ஆண்ட நே வின் மாற்றினார் என்று ஒரு பேச்சு, வேறு காரணம் சொல்கிறவர்களும் உண்டு. ரோடு மாறியது, வண்டி மாறவில்லை. பஸ்ஸில் கதவு இடது பக்கம், அதாவது நட்டநடு ரோட்டுப் பக்கம். இறங்கினால் வண்டிகளுக்கு நடுவில்தான் இறங்க வேண்டும்.

ஜெயந்தி: அந்த மாதிரி பஸ்ஸில் நானும் போயிருக்கிறேன் மாமா. 2017இல் ஒய்பிஎஸ் என்ற யாங்கோன் பஸ் சர்வீஸ் வந்த பிறகுதான் பிளாட்பாரப் பக்கம் கதவு வைத்த புது பஸ் நிறைய வந்தது.

சோமு மாமா: பஸ் மாறியது. காரெல்லாம் இன்னும் ஜப்பான் பழைய கார்தானே.

சிவா (சிங்கப்பூர்): இப்போதுதான் படித்தேன். அத்தை பத்திரம். இங்கே ஒன்று சொல்வார்கள்: கடக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் வேறு எங்கே குறுக்கே போனாலும் குற்றம், அபராதம். அங்கேயும் அப்படிப் போட்டால் கண்ணன் சொல்கிற ஆட்கள் குறைவார்கள்.

விமலா டீச்சர்: கலிபோர்னியாவில் நேர் எதிர், சிவா. 2023 ஜனவரியிலிருந்து, வண்டி மோதும் ஆபத்து இல்லாதபோது குறுக்கே கடந்தால் போலீஸ் பிடிக்கக் கூடாது என்று சட்டம். அபராதம் போடுவதென்றால் முதலில் பக்கத்தில் ஒரு கோடாவது போட வேண்டாமா? எங்கள் பள்ளிக்கூட வாசலில் இருந்த கோடு தேய்ந்தே போய்விட்டது.

சோமு மாமா: கோட்டை விடுங்கள், மேம்பாலம் கட்டி வைத்திருக்கிறார்களே, ஏறிப் போனால் என்ன?

பாக்கியம் அத்தை: என் முழங்காலைக் கழற்றித் தருகிறேன், நீங்கள் ஏறுங்கள்.

ஜெயந்தி: 😀😀

சிவா (சிங்கப்பூர்): கண்ணன் சொன்ன அந்தப் பக்கத்து லைன் விஷயம் 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கோட்டின் முன் நிற்கிற வண்டியைத் தாண்டுவதென்றால், யாராவது கடந்தால் உடனே நிறுத்துகிற அளவு மெதுவாகத்தான் தாண்ட வேண்டும். நடக்கிறவருக்கும் அதில் ஒரு வரி உண்டு: வருகிற வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் பார்க்காமல் இறங்கக் கூடாது.

கண்ணன்: வேகம்தான் விஷயமே. 50 கிலோமீட்டரில் வந்தால், ஆளைப் பார்த்து பிரேக் மிதித்து வண்டி நிற்க 25 மீட்டருக்கு மேல் ஆகும். 30இல் வந்தால் அதில் பாதி. வேன் மறைவிலிருந்து அத்தை தெரிந்தபோது அவனுக்கு மூன்று மீட்டர் இருந்திருந்தால் பெரிய விஷயம்.

விமலா டீச்சர்: அப்போது நின்ற பையன் செய்தது தப்பா?

கண்ணன்: நின்றது சரி. கை காட்டியதுதான் எனக்குப் பிடிக்காது. அவன் தன் லைனுக்குத்தான் உத்தரவாதம் தர முடியும், பக்கத்து லைனுக்கு அவன் யார்? நான் நின்றால் கை காட்ட மாட்டேன். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்தி நாலு விளக்கையும் போட்டுவிடுவேன். அப்போது பக்கத்தில் வருகிறவனுக்கும் கோடு தெரியும், ஆளும் தெரியும். கையை வெளியே நீட்டிப் பின்னால் வருகிறவனை நிறுத்தலாம் என்றால் என் கை பிளாட்பாரப் பக்கம்தான் நீளும், யார் பார்ப்பது!

ஜெயந்தி: அத்தை, இனிமேல் நின்ற வண்டியின் ஓரம் வந்ததும் நில்லுங்கள். எட்டிப் பாருங்கள். அடுத்ததும் நின்ற பிறகு போங்கள். பின்னால் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும்.

பாக்கியம் அத்தை: நடுரோட்டில் நின்றால் கிழவி தூங்கிவிட்டாள் என்பான்.

ஜெயந்தி: சொல்லட்டும்.

சிவா (சிங்கப்பூர்): போன தடவை வந்தபோது நான் பழக்கத்தில் முதலில் வலது பக்கம் பார்த்துவிட்டு இறங்கினேன். வண்டி இடது பக்கமிருந்து வந்தது. சைக்கா என்ற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

சோமு மாமா: அது இருக்கட்டும். வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்கு யார் யார்? அனவ்ரதா ரோட்டில் அந்தக் கூட்டத்தில் அத்தையை நடக்க விட முடியாது.

கண்ணன்: நான் வருகிறேன். கோயில் வாசல் பக்கமே நிறுத்துகிறேன், ரோடு கடக்க வேண்டாம். அத்தை பின் சீட்டில் வலது பக்கம் உட்காருங்கள், கதவைத் திறந்தால் நேரே பிளாட்பாரம்.

சோமு மாமா: அப்போது முன் சீட்டு எனக்கு.

கண்ணன்: முன் சீட்டில் இறங்கினால் நடு ரோடு மாமா. நீங்களும் பின்னால்தான், அத்தை இறங்கின கதவிலேயே இறங்குங்கள். முன்னால் தேங்காய்த் தட்டை வையுங்கள்.

பாக்கியம் அத்தை: ஆறு மணிக்கு வா. லேட் பண்ணாதே.