2 லிட்டர் சாடியில் சண்டை மீன்: வாளியில் வைத்த தண்ணீர் போதுமா?

ஈசூன்வாசி:
மகளுக்குச் சண்டை மீன் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். 2 லிட்டர் கண்ணாடிச் சாடி, ஃபில்டர் கிடையாது, குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வாளியில் பிடித்து வைத்து மாற்றினால் போதும் என்கிறார்கள் சிலர். அது கொடுமை, 20 லிட்டர் தொட்டியும் ஃபில்டரும் கட்டாயம் என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது?

பழையசாடி:
சாடியே போதும். சண்டை மீன் செவுளை மட்டும் நம்பி இருக்கிற மீன் இல்லை. தலைக்குள்ள லாபிரிந்த்னு ஒரு உறுப்பு இருக்கு, மேல வந்து காத்தை நேராவே இழுத்துக்கும். பண்ணைக்காரங்களே ஆண் மீனை ஒவ்வொண்ணா தனிப் போத்தல்லதான் வைக்கிறாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டரும் தேவையில்லை. காய்ஞ்ச கெத்தப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒண்ணு, ரெண்டு நாளைக்கு ஒருதடவை தண்ணி மாத்தம். முடிஞ்சது வேலை.

குமிழி:
அண்ணே, வாளியில ராத்திரி வைக்கிற பழக்கம் குளோரின் காலத்துது. குளோரின்னா காத்துல பறந்துடும். இங்க சிங்கப்பூர்ல பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்த் தண்ணியில போடுறது குளோரமைன். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த சரக்கு அது, ஒரு ராத்திரியில போகாது. நாள்கணக்கா அப்படியே நிக்கும். வெயில்ல வச்சாலும் காலையில போயிடும்னு நம்ப முடியாது. ஊர்ல கிணத்துத் தண்ணி ஊத்தி வளர்த்தவங்க சொல்ற யோசனையை அப்படியே புளோக் (அடுக்குமாடி) வீட்டுக்குக் கொண்டுவந்தா மீன்தான் மாட்டிக்கும்.

ஈசூன்வாசி அண்ணே, குளோரமைனை நீக்குற சொட்டு மருந்து வாங்குங்க. ஆனா அதுலயும் ரெண்டு ரகம். வெறும் சோடியம் தயோசல்ஃபேட் இருக்கிறது மலிவு; அது குளோரமைனை உடைச்சு குளோரினை அடக்கிடும், அம்மோனியாவை அங்கேயே விட்டுடும். லேபிள்ல அம்மோனியாவையும் கட்டும்னு எழுதியிருக்கிற ரகத்தை எடுங்க. கெட்டியான சில ரகத்துல 200 லிட்டருக்கு 5 மில்லிலிட்டர்தான் அளவு. அப்படின்னா 20 லிட்டருக்கு அரை மில்லி, சுமாரா 10 சொட்டு. 2 லிட்டர் சாடிக்கு ஒரே சொட்டு. தண்ணியை வாளியில பிடிச்சு, சொட்டைப் போட்டுக் கலக்கி, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஊத்துங்க. தொட்டிக்குள்ள குழாய்த் தண்ணியை நேரா ஊத்திட்டு அப்புறம் சொட்டுப் போடுற பழக்கம் வேண்டாம்.

பழையசாடி:
சரி, சொட்டுப் போடட்டும். அதுக்காக ஃபில்டர், பம்ப், தொட்டின்னு ஏன் இழுக்கிறீங்க? மருந்து போட்ட தண்ணியில சாடியும் நல்லாத்தான் இருக்கும்.

நீர்க்கணக்கு:
கணக்குப் போட்டுப் பாருங்கள். சண்டை மீன் ஒரு நாளைக்குச் சுமார் 30 மில்லிகிராம் உணவு தின்கிறது என்று வைப்போம். அதில் 40 விழுக்காடு புரதம் என்றால் 12 மில்லிகிராம். புரதத்தில் நைட்ரஜன் சுமார் 16 விழுக்காடு, அதாவது 1.9 மில்லிகிராம். அதில் பாதிக்கு மேல் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறும். 2 லிட்டரில் அது ஒரே நாளில் அரை பிபிஎம் (லிட்டருக்கு அரை மில்லிகிராம்). 20 லிட்டரில் அதில் பத்தில் ஒரு பங்கு. காற்றை நேராக இழுக்கும் உறுப்பு ஆக்சிஜன் குறைவுக்குத்தான் உதவும். அம்மோனியா செவுளை அரிப்பதைத் தடுக்காது.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. நம் குழாய்த் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) பெரும்பாலும் 8-ஐ ஒட்டி இருக்கும், பிஎச் இறங்காமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மை குறைவு. இலை போட்ட சாடியில் நாள் போகப் போக பிஎச் 6.5 பக்கம் இறங்கும். அந்த நிலையில் அம்மோனியா கிட்டத்தட்ட முழுவதும் அம்மோனியமாக, அதிகம் தீங்கு செய்யாமல் கிடக்கும். ஒரு வாரம் மறந்துவிட்டு, குற்ற உணர்வில் பாதித் தண்ணீரை மாற்றினால் பிஎச் சட்டென்று ஏறும். 28 டிகிரியில் பிஎச் 6.5 என்றால் நச்சு வடிவம் ஆயிரத்தில் இரண்டு பங்கு. பிஎச் 8 என்றால் நூற்றில் ஆறேழு பங்கு. "தண்ணி மாத்தின மறுநாள் செத்துப்போச்சு" என்ற புலம்பலுக்குப் பல நேரம் காரணம் இதுதான்.

பழையசாடி:
அதனாலதான் மறக்காம முழுத் தண்ணியும் மாத்தணும்ங்கிறேன். பாதி மாத்துறவன்தான் மாட்டிக்கிறான். பண்ணைப் போத்தல்ல ஃபில்டரா ஓடுது?

குமிழி:
பண்ணையில தண்ணி மாத்துறதே வேலையா ஆள் இருக்கு. ஆபீஸ் போய்ட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வர்ற ஆளுக்கு அது நடக்குமா? தண்ணிக் கணக்கையும் பாருங்க. சாடியை ஒழுங்கா தினம் மாத்தினா வாரத்துக்கு 14 லிட்டர். பழகின, அதாவது அம்மோனியாவை மாத்துற பாக்டீரியா ஃபில்டர்ல வளர்ந்த, 20 லிட்டர் தொட்டிக்கு வாரம் ஒருமுறை கால் பங்கு, 5 லிட்டர். சோம்பேறிக்குத்தான் பெரிய தொட்டி லாயக்கு!

அதோட ஏர்கான். ராத்திரி 23 டிகிரியில படுத்தா 2 லிட்டர் தண்ணி விடியறதுக்குள்ள அறை சூட்டுக்கே இறங்கிடும், பகல்ல 30-க்கு ஏறும். இந்த ஊசலாட்டத்துல மீன் தளர்ந்துட்டா ஒட்டுண்ணியால வர்ற வெள்ளைப் புள்ளி நோய் சுலபமாத் தொத்தும். தொட்டியை ஹால்ல வையுங்க, ஜன்னல் வெயில் படாத சுவரோரமா.

ஈசூன்வாசி:
சரி, தொட்டியே வாங்கினால் என்னென்ன வேண்டும்? வாங்கிய அன்றே மீனை விடலாமா?

நீர்க்கணக்கு:
விடக்கூடாது. ஸ்பான்ஜ் ஃபில்டர், சின்ன ஏர் பம்ப், குழாய், காற்றைக் குறைக்கும் வால்வு, பின்னோட்டத்தைத் தடுக்கும் செக் வால்வு, மூடி, அம்மோனியா-நைட்ரைட் சோதனைக் கிட். இவ்வளவுதான். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து செக் வால்வும் இல்லாவிட்டால், மின்சாரம் நின்ற நொடியில் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி பம்பை நனைத்துத் தரைக்கு வரும். செக் வால்வில் அம்புக்குறி இருந்தால் அது தொட்டியைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் குமிழே வராது, பம்ப் கெட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

ஸ்பான்ஜில் பாக்டீரியா வளர, மீன் இல்லாமலே அம்மோனியாவை 2 பிபிஎம் அளவுக்குச் சேர்த்து ஓடவிடுங்கள். பாக்டீரியா அதை மாற்ற, முதலில் நைட்ரைட் ஏறும், பிறகு அது இறங்கி நைட்ரேட் ஏறும். 2 பிபிஎம் போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். பழகிய தொட்டி வைத்திருப்பவரிடம் அழுக்கு ஸ்பான்ஜ் ஒன்று கிடைத்தால் மிகவும் குறையும். பிறகு நீளத் துடுப்பு மீன் நீரோட்டத்தில் தள்ளாடாத அளவுக்கு வால்வைத் திருகுங்கள். ஸ்பான்ஜைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் பிழிந்தால் குளோரமைன் பாக்டீரியாவைத் தீர்த்துவிடும், மறுபடி முதலிலிருந்து. மூடிக்கும் நீருக்கும் நடுவே 4 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும்: காற்று இழுக்க இடம், குதிப்பதற்குத் தடை.

பழையசாடி:
இலையையாவது விட்டுவையுங்கப்பா.

குமிழி:
இலை நல்லதுதான், மரத்துலேருந்து தானா விழுந்து பழுப்பாக் காய்ஞ்சதா இருக்கணும். பச்சையும் மஞ்சளும் தண்ணியில அழுகும். 20 லிட்டருக்குக் கையளவு இலை ஒண்ணு போதும். ஆனா நடைபாதை ஓரமா பொறுக்காதீங்க. கொசுவுக்குப் புகை அடிக்கிற இடம். அந்த மருந்து மீனுக்கு விஷம். கடையில பாக்கெட்டா கிடைக்குது.

வாளியில தண்ணி பிடிச்சு மறந்துடாதீங்க. முட்டைலேருந்து ஏடிஸ் கொசு பறக்க ஏழு நாள் போதும். சுற்றுப்புற வாரியத்து ஆளு வந்து டார்ச் அடிச்சுக் கொசுப்புழுவைப் பார்த்துட்டா, "மீனுக்கு வச்சது"ன்னு சொன்னாலும் அபராதம் அபராதம்தான்.

பழையசாடி:
தீபாவளிக்கு ஊருக்குப் போனா என்ன பண்ணுவீங்க? சாடின்னா பக்கத்து வீட்டுல கொடுத்துட்டுப் போகலாம். 20 லிட்டரை யார் தூக்குவா?

குமிழி:
தூக்கவே வேண்டாம். நல்லா இருக்கிற வளர்ந்த மீன் அஞ்சு நாள் தின்னாமலே இருக்கும், பழகின தொட்டி தண்ணியைப் பார்த்துக்கும். அதுக்கு மேல போனா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட டப்பாவோட உணவைக் கொடுத்துடாதீங்க, பாசத்துல கொட்டிடுவாங்க. வாரக் கிழமை போட்ட மாத்திரை டப்பா வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் அறைக்கு நாலு உருண்டை போட்டு வச்சுட்டு, மிச்சத்தை அலமாரியில பூட்டிட்டுப் போங்க.