முன் பிரேக் காலிப்பர் போல்ட் மாற்றணும்: ஸ்டெயின்லெஸ் தாங்குமா, 12.9 போடலாமா?

இரட்டைச்சக்கரம் கேட்டது:
முன் காலிப்பரை (பேடால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்) ஃபோர்க்கோட பிடிச்சிருக்கிற ரெண்டு போல்ட்டும் துரு ஏறிடுச்சு. ஒண்ணோட தலை மழுங்கி ஸ்பேனர் வழுக்குது. பழசு எம்10, தலைக்குக் கீழே 35 மி.மீ., ஃபிளேஞ்ச் தலை, மேலே 10.9-னு எண் இருக்கு. பைக் முழுசுக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் செட் கிடைக்குது, தலையில் ஏ2-70. அதை காலிப்பருக்கும் போடலாமா? இல்ல 12.9 ஆலன் போல்ட் போட்டா இன்னும் பாதுகாப்பா? இன்னொண்ணு: தனியா வாங்கின எம்10 போல்ட்டைக் கையால் திருகிப் பார்த்தா ரெண்டு சுத்துலயே இறுகி நிக்குது. மரையில் அழுக்கா?

ஸ்பேனர்14:
கடைசிக் கேள்விதான் அவசரம். ஸ்பேனர் போட்டு அழுத்தாதீங்க, அப்படியே பின்னால திருப்பி எடுத்துடுங்க. அழுக்கா இருந்தா கரகரன்னு உரசிக்கிட்டாவது போகும். ரெண்டு சுத்து சுலபமாப் போய் சட்டுனு நின்னா பெரும்பாலும் பிட்ச், அதாவது ஒரு மரை முகட்டுக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி, தப்பு. பொதுக் கடைகளில் எம்10-னு கேட்டா வருவது 1.5 மி.மீ. பிட்ச். பைக்கில் எம்10 பெரும்பாலும் 1.25. சுத்துக்கு கால் மி.மீ. வித்தியாசம், அதான் ரெண்டாவது சுத்துலயே பிடிக்குது. போல்ட் எஃகு, ஓட்டை அலுமினியம். அழுத்தினா ஓட்டைதான் போகும்.

பிட்ச் கேஜ் இல்லன்னா வெர்னியர் போதும். ஒரு மரை முகட்டில் இருந்து எண்ணி பத்தாவது இடைவெளி முடியும் முகடு வரை அளங்க. 12.5 மி.மீ. வந்தா 1.25, 15 வந்தா 1.5. பழைய போல்ட்டையும் புதுசையும் மரையோட மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடிச்சாலும் தெரியும், நடுவில் வெளிச்சம் கசியக் கூடாது.

டார்க்ரெஞ்ச்:
ஸ்டெயின்லெஸ் விஷயம். துருப்பிடிக்காது என்பதும் வலு என்பதும் வேறு வேறு. 10.9-இல் முதல் எண் 10 என்பது 1000 மெகாபாஸ்கல் இழுவலு (இழுத்தால் அறுபடும் எல்லை); இரண்டாவது எண் 9 என்பது, அதில் 90 சதவீதம் வரை, அதாவது 900 வரை போல்ட் நிரந்தரமாக நீளாது என்பது. ஏ2-70 போல்ட்டுக்கு அந்த எல்லை 450, சரிபாதி. 10.9-க்கு மேனுவல் சொல்லும் டார்க்கை (இறுக்கும் திருகு விசையின் அளவு) அதில் கொடுத்தால் போல்ட் இழுபட்டு நீண்டுவிடும். டார்க்கைக் குறைத்தால் காலிப்பரைப் பிடிக்கும் அழுத்தம் போதாது, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அசையும், அசைந்து அசைந்து ஒரு நாள் அறுந்துவிடும். காலிப்பர், டிஸ்க், ஹேண்டில்பார் கிளாம்ப், ஆக்சில், ஸ்ப்ராக்கெட், ஸ்டாண்ட், ஃபுட்ரெஸ்ட் இவற்றுக்கு ஏ2-70 வேண்டாம். ஃபேரிங், நம்பர் பிளேட், மட்கார்டு, எஞ்சின் கவர் வரை தாராளமாகப் போடலாம்.

எஞ்சின் கவரில் போட்டால் மரையில் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் களிம்பு) மெல்லியதாகத் தடவுங்கள். ஈரம் பட்டால் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் சேருமிடத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி கட்டி, அடுத்த முறை கழற்றும்போது மரையோடு வரும். தடவியபின் மேனுவல் டார்க்கை முழுதாகக் கொடுக்காதீர்கள். உராய்வு குறைந்ததால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை உலர்ந்தபடியே வேகமாகத் திருகினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பூட்டிக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இரட்டைச்சக்கரம்:
சரி, ஸ்டெயின்லெஸ் வேண்டாம். 12.9?

டார்க்ரெஞ்ச்:
தேவையில்லை. மாட்டும் இடம் அலுமினிய மரை என்றால் அங்கே எல்லை அந்த மரைதான். 12.9-க்கு வளைந்து கொடுக்கும் தன்மை குறைவு. கறுப்புப் பூச்சு சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவுக்குப் பயந்து மின்முலாம் பூசிய 12.9 வாங்குவது அதைவிட மோசம்: முலாம் போடும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிட்டால், இறுக்கி வைத்த போல்ட் சில நாள் கழித்து சும்மா நிற்கும்போதே முறியலாம். பழையதில் 10.9 இருந்தால் 10.9 போடுங்கள். வண்டிக் கம்பெனியின் பார்ட் எண்ணிலேயே வாங்குவது உத்தமம், ரெண்டு போல்ட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வெளியே வாங்கினால் தலையில் 10.9-உடன் தயாரிப்பாளர் குறியும் இருக்கணும். எஃகு போல்ட்டுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 898-1 ரெண்டையும் கேட்கிறது. வெறும் எண் மட்டும், அல்லது மொட்டைத் தலை என்றால் வாங்காதீர்கள்.

நட்டுபோல்ட்:
நீளத்தையும் கவனிங்க. அலுமினியத்தில் குறைந்தது விட்டத்தின் ஒன்றரை மடங்கு மரை பிடிக்கணும், எம்10-க்கு 15 மி.மீ. நீளம் கூடினாலும் ஆபத்துதான். அடி மூடிய ஓட்டையா இருந்தா போல்ட் அடியில் முட்டி டார்க் ரெஞ்ச் (குறிச்ச டார்க் வந்ததும் கிளிக் சொல்லும் ஸ்பேனர்) கிளிக் சொல்லிடும், காலிப்பர் லூசாவே இருக்கும். திறந்த ஓட்டையா இருந்தா முனை டிஸ்க்கைத் தொடலாம்; மாட்டினதும் சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. பழையதில் தலைக்குக் கீழே மரையில்லாத மொழுக்கென்ற பகுதி இருந்தா புதுசிலும் அதே அளவு இருக்கணும்.

மழுங்கின தலைக்கு ரிங் ஸ்பேனர் வேண்டாம், ஆறு முனை சாக்கெட் தட்டி ஏத்துங்க. துருவை இளக்கும் எண்ணெய் விட்டா டிஸ்க்கையும் பேடையும் மூடிக்கங்க.

இரட்டைச்சக்கரம்:
அளந்தாச்சு. பழசு 12.5, புதுசு 15. ஓட்டையோட முதல் மரை கொஞ்சம் பளபளன்னு தேய்ஞ்சிருக்கு. லாக்டைட் (போல்ட் தளராம மரையைப் பூட்டும் பசை) போடணுமா?

ஸ்பேனர்14:
முதல் மரை மட்டும்னா பிழைச்சுக்கும். எம்10 × 1.25 மரை சேஸரை (தேய்ஞ்ச மரையைச் சீராக்கும் கருவி) கையால் மட்டும் விடுங்க, அரைச் சுத்து முன்னே, கால் சுத்து பின்னே. வெட்டும் டேப் விட்டா நல்ல மரையையும் சேர்த்து சுரண்டிடும். மரை கையோட பிய்ஞ்சு வந்தா ஹெலிகாயில் (ஓட்டையில் புது மரையா பொருத்தும் கம்பிச்சுருள்) தான். அதை இதில் பழகினவங்ககிட்ட கொடுங்க, ஃபோர்க்கில் கோணம் தப்பினா காலிப்பர் சாய்ஞ்சு நிக்கும்.

மேனுவல் சொன்னா நீல நிற மிதமான லாக்டைட் 243, மரையைத் துடைச்சுட்டு ரெண்டு சொட்டு. சிவப்பு வேண்டாம், கழற்ற நல்லா சூடாக்கணும், பக்கத்திலேயே ரப்பர் சீல் இருக்கு. பிரேக் ஹோஸைக் காலிப்பரோட இணைக்கும், நடுவில் எண்ணெய் போகும் ஓட்டையுள்ள பேஞ்சோ போல்ட்டில் எதுவும் போடாதீங்க. அதைக் கழற்றினா ரெண்டு பக்க வாஷரும் புதுசு. மேனுவல் டார்க் கொடுத்ததும் தலைக்கும் காலிப்பருக்கும் குறுக்கே பெயின்ட் கோடு போட்டுடுங்க. ஓட்டிப் பார்த்தப்புறம் கோடு நகர்ந்திருக்கான்னு மட்டும் பாருங்க. ஸ்பேனர் போட்டு “இன்னும் கொஞ்சம்”னு இறுக்கினா உலர்ந்த லாக்டைட் உடைஞ்சு, போட்டதே வீண்.