எஸ்பி 729 வந்தாச்சு, ஆனாலும் ஐவிஎஃப் (சோதனைக் குழாய் கருத்தரிப்பு) கவரேஜ் இல்லை என்கிறார்கள். எப்படி?

கேள்வி

கலிஃபோர்னியாவில் குழந்தையின்மை சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று சொல்லும் மாநிலச் சட்டமான எஸ்பி 729, 2026 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. வேலை பார்ப்பது ஆயிரம் பேருக்கு மேல் உள்ள கம்பெனி, பிளான் பிபிஓ (நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள டாக்டரையும் பார்க்கலாம் என்ற வகை). கார்டில் எல்லோருக்கும் தெரிந்த பெரிய இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறது. போன் செய்து கேட்டால் “உங்கள் பிளானில் இந்தப் பயன் இல்லை” என்கிறார்கள். மாநில அரசிடம் புகார் கொடுக்கலாமா? அடுத்தடுத்து வரும் மசோதாக்களை நம்பிக் காத்திருப்பதில் பயன் உண்டா?

பதில் 1

கார்டில் யார் பெயர் இருக்கிறது என்பது முக்கியமில்லை. மருத்துவமனை பில்லுக்கு யார் பணம் போகிறது என்று பாருங்கள்.

பெரிய கம்பெனிகள் பல, இன்ஷூரன்ஸ் வாங்குவதே இல்லை. ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தங்கள் பணத்திலிருந்தே கொடுக்கின்றன. இன்ஷூரன்ஸ் நிறுவனம் அங்கே க்ளெய்ம் பார்க்கவும் டாக்டர் நெட்வொர்க் தரவும் கூலிக்கு அமர்த்தப்பட்ட நிர்வாகி மட்டுமே. இதுதான் செல்ஃப்-ஃபண்டட் பிளான். 1974-ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்தியச் சட்டம் இவற்றை மாநில இன்ஷூரன்ஸ் சட்டங்களின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் நிறுவனங்களை மாநிலம் கட்டுப்படுத்தலாம், ஆனால் ஒரு கம்பெனியின் சொந்த பிளானை “இதுவும் இன்ஷூரன்ஸ்தான்” என்று கருதிக் கட்டுப்படுத்தக் கூடாது. 1990-இல் உச்ச நீதிமன்றமும் எஃப்எம்சி வழக்கில் இதை உறுதி செய்துவிட்டது. எஸ்பி 729 என்றில்லை, எந்த மாநிலம் எந்தக் கவரேஜைக் கட்டாயமாக்கினாலும் இதே கதிதான். இது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஒரே தெருவில், ஒரே நிறுவனத்தின் கார்டு வைத்திருக்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குச் சட்டம் உண்டு, மற்றதற்கு இல்லை.

பதில் 2

முதலில் உங்களுடையது செல்ஃப்-ஃபண்டட்தானா என்று உறுதி செய்யுங்கள். போனில் பேசுபவர் சொல்வதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அவருக்கே பல நேரம் தெரியாது.

எச்ஆரிடம் எஸ்பிடி என்ற பிளான் விளக்க ஆவணத்தை எழுத்து மூலம் கேளுங்கள், மின்னஞ்சலில் தேதியோடு. 30 நாளுக்குள் தர வேண்டும். தராமல் இழுத்தால் நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கைக்கு வந்ததும் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பிளானின் நிதி ஏற்பாடு பற்றி ஒரு பத்தி இருக்கும். “கம்பெனியின் பொது நிதியிலிருந்து” என்றால் செல்ஃப்-ஃபண்டட். “இன்ஷூரன்ஸ் ஒப்பந்தத்தின் மூலம்” என்றால் மாநிலச் சட்டம் செல்லும்.

எச்ஆர் தருவதற்குள் நீங்களே பார்க்க ஒரு வழி: மத்தியத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் கம்பெனி தன் பிளான் பற்றி ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் அறிக்கையான ஃபார்ம் 5500. அதில் 9ஏ வரியில் நிதி எங்கிருந்து வருகிறது என்று டிக் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பல், கண், ஆயுள் காப்பீடு எல்லாவற்றையும் மருத்துவத்தோடு சேர்த்து ஒரே ஃபார்மில் தாக்கல் செய்வதால், இன்ஷூரன்ஸ், பொது நிதி இரண்டிலுமே டிக் இருக்கும். அப்படியிருந்தால் கூடவே இருக்கும் ஷெட்யூல் ஏ-வைத் திறந்து 8-ஆம் வரியைப் பாருங்கள். ஒவ்வொரு ஒப்பந்தமும் எதற்கானது என்று அங்கே தனித்தனிக் கட்டம் உண்டு. பல், கண், ஆயுள் மட்டும் டிக் ஆகி, மருத்துவத்துக்கான கட்டம் எதிலும் டிக் ஆகவில்லை என்றால் மருத்துவச் செலவு கம்பெனியின் பணம்தான். ஸ்டாப்-லாஸ் என்ற கட்டம் டிக் ஆகியிருந்தால் அது இன்னும் வலுவான அடையாளம். செலவு எல்லை மீறினால் கம்பெனி தன்னைக் காத்துக்கொள்ள வாங்கும் காப்பீடு அது, ஊழியருக்கானது அல்ல.

கேட்டவர்

நன்றி. எஸ்பிடி-யில் “பொது நிதி” என்றே இருக்கிறது. அப்படியானால் மாநிலத்திடம் புகார் கொடுத்துப் பயனில்லையா?

பதில் 3

பயனில்லை, நாளும் வீணாகும். கலிஃபோர்னியாவில் மருத்துவ பிளான்களைக் கண்காணிக்கும் துறையான டிஎம்எச்சி “எங்கள் அதிகாரத்தில் இல்லை” என்று திருப்பி அனுப்பிவிடும். அது தரும் இலவசத் தனி மருத்துவப் பரிசீலனையும் இன்ஷூரன்ஸ் பிளானில் இருப்பவர்களுக்குத்தான். மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து பிளானிடமே மேல்முறையீடு செய்ய உங்களுக்கு 180 நாள் அவகாசம். அதை விட்டுவிடாதீர்கள். பிறகு, பிளானைச் சாராத வெளி நிபுணர்கள் பார்க்கும் வெளிப் பரிசீலனைக்கு விண்ணப்பிக்க 4 மாதம். ஆனால் ஒன்று: மருத்துவ ரீதியாகத் தேவையா, இல்லையா என்ற தகராறுதான் வெளிப் பரிசீலனைக்குப் போகும். “ஐவிஎஃப் இந்தப் பிளானில் விலக்கப்பட்டது” என்று எஸ்பிடி-யில் நேரடியாக எழுதியிருந்தால் அங்கும் கதவு அடைபட்டதுதான்.

உங்கள் கையில் இருக்கும் நல்ல வழி ஓப்பன் என்ரோல்மென்ட், அதாவது ஆண்டுக்கு ஒருமுறை பிளானை மாற்றிக்கொள்ளும் காலம். பிபிஓ-வைச் சொந்தப் பணத்தில் நடத்தும் கம்பெனியே, பக்கத்தில் ஒரு எச்எம்ஓ-வை (பொதுவாக நெட்வொர்க் டாக்டர்களிடம் மட்டும் போகும் வகை) முழு இன்ஷூரன்ஸாக வாங்கி வைத்திருக்கும். கலிஃபோர்னியாவில் இது சர்வ சாதாரணம். அந்த எச்எம்ஓ ஒப்பந்தம் பெரிய குழுமம், அதாவது 100 பேருக்கு மேல் என்றால் எஸ்பி 729 அதற்குப் பொருந்தும். கருமுட்டை எடுப்பது 3 முறை வரை, கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. மாறும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படுகிறது? சட்டம் அந்தத் தேதியிலிருந்துதான் வரும்: ஜூலையில் புதுப்பிக்கும் பிளானுக்கு 2026 ஜூலைதான். கம்பெனி மத அமைப்பா? அவற்றுக்கு விலக்கு உண்டு. நெட்வொர்க்கில் கருத்தரிப்பு மையம் எங்கே இருக்கிறது? மாதத்தில் பல முறை ஸ்கேனுக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால் தூரத்தையும் கணக்கில் எடுங்கள். டிடக்டிபிளும் (இன்ஷூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்டும் தொகை) காப்பேயும் (ஒவ்வொரு முறையும் நீங்கள் கட்டும் பங்கு) மற்ற சிகிச்சைகளுக்கு இருப்பதைவிடக் கடுமையாக இருக்கக் கூடாது என்கிறது சட்டம். இலவசம் என்று சொல்லவில்லை.

இன்னொன்று, செல்ஃப்-ஃபண்டட் கம்பெனிகள் பல தாமாகவே தனி நிறுவனம் வழியாக இந்தப் பயனைத் தருகின்றன. அது மருத்துவ பிளானின் ஆவணத்தில் இருக்காது. எச்ஆரிடம் தனியாகக் கேளுங்கள். இல்லையென்றால் நாலைந்து ஊழியர்கள் சேர்ந்து எழுதிக் கேளுங்கள். சேர்க்கும் முடிவு கம்பெனியின் கையில்தான் இருக்கிறது, அடுத்த ஆண்டு பிளானில் அதைச் சேர்க்க எந்தச் சட்டமும் தடையில்லை.

பதில் 4

மசோதாக்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செய்தித் தலைப்பை விட்டுவிட்டு, சட்டமன்ற இணையதளத்தில் மூல வாசகத்தைத் திறந்து, கடமை யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். “ஹெல்த் கேர் சர்வீஸ் பிளான் கான்ட்ராக்ட்”, “ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசி” என்ற இரண்டு சொற்றொடர்கள்தான் கலிஃபோர்னியாவில் எப்போதும் வரும். செல்ஃப்-ஃபண்டட் பிளான் இரண்டிலும் அடங்காது. அடுத்து, பெரிய குழுமமா, சிறு குழுமமா, தனிநபரா என்று பாருங்கள். எஸ்பி 729 சிறு குழுமங்களுக்கு “வேண்டுமானால் வாங்கலாம்” என்று முன்வைத்தால் போதும் என்கிறது. இதற்கு ஒரு காரணம் உண்டு. தனிநபர், சிறு குழும பிளான்களில் மத்திய அரசின் அடிப்படைப் பயன்களுக்கு மேல் மாநிலம் புதிதாக எதையாவது கட்டாயமாக்கினால் அந்தச் செலவை மாநிலக் கருவூலமே ஏற்க வேண்டும் என்பது ஒபாமாகேர் சட்டத்தின் விதி. அதனால்தான் மசோதாக்கள் பெரிய குழுமத்தோடு நின்றுவிடுகின்றன.

நிறைவேறும் முன் சிஎச்பிஆர்பி என்ற ஆய்வுக் குழு பல மசோதாக்களுக்கு அறிக்கை வெளியிடும். எத்தனை லட்சம் பேருக்கு அந்தச் சட்டம் பொருந்தும், பிரீமியம் எவ்வளவு ஏறும் என்று அதில் எண்ணிக்கையோடு இருக்கும். முதல் நாலு பக்கம் படித்தாலே நீங்கள் அந்தக் கணக்கில் இருக்கிறீர்களா என்று தெரிந்துவிடும்.