மழைக்காற்றில் விழுந்த உர விமானம்: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

வெட்டாறு (கிரிஃபித், நியூ சவுத் வேல்ஸ்)

நான் விமானி அல்லன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கிரிஃபித் பக்கத்து நெல் வயல்களுக்கு யூரியா போடும் ஏர் டிராக்டர் 502 விமானத்துக்கு உரம் ஏற்றும் லோடர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். கூடையை இடுப்பில் அணைத்து உரம் வீசிய தஞ்சாவூர் வீட்டிலிருந்து போனவனுக்கு, ஒன்றரை டன்னுக்குச் சற்றே குறைவான யூரியாவை ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு பறக்கும் அந்த மஞ்சள் விமானம் முதல் பத்து நாள் வேடிக்கையாக இருந்தது. பிறகு அதுவும் வேலையாகிவிட்டது.

பூங்கதிர் உருவாகும் பருவம், ஜனவரி மாதம், வெயில் 41 டிகிரி. தென்மேற்கே மேகம் கறுத்திருந்தது. ஆனால் மதியத்திலிருந்தே அது அங்கேதான் நின்றதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்னும் இரண்டு லோடு போட்டால் அந்த வயல் முடிந்துவிடும். விமானி கட்டைவிரலை உயர்த்தி, நிரப்பு என்று காட்டினார். நான் நிரப்பினேன்.

அவர் வடக்கு நோக்கி ஓடத் தொடங்கியபோது என் பார்வை தற்செயலாக, காற்றின் திசை காட்டும் காற்றுப்பையின் மேல் விழுந்தது. காலையிலிருந்து வடக்குக் காற்றில் தென்புறமாக நீண்டிருந்த அந்தப் பை, பிழியாத ஈரத்துணியைப் போலக் கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. அதே நேரத்தில் என் பிடரியில் சில்லென்று ஒரு காற்று பட்டது. அந்த வெயிலில் அது சுகமாகக்கூட இருந்தது. ரேடியோவைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்து, என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதே பை மெல்ல எழுந்து வடக்கு நோக்கி விறைத்தது. விமானம் அதற்குள் தரையை விட்டு எழும்பி வேலியைத் தாண்டியிருந்தது. மூக்கு மேலே தூக்கியிருந்தும் உயரம் ஏறவில்லை. எடையைக் குறைக்க விமானி தொட்டியைத் திறந்துவிட்டார்; அடிவயிற்றிலிருந்து வெள்ளையாக யூரியா கொட்டியது. இடது சக்கரம் பாசனக் கால்வாயின் கரையில் இடித்தது. விமானம் குப்புறக் கவிழ்ந்தது.

விமானி பிழைத்தார். கழுத்துப்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்திருந்தன. ரேடியோவில் ஒரு சொல்கூடச் சொல்லாததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கிளிநொச்சியான் (மாஸ்டர்டன், நியூசிலாந்து)

அண்ணா, காற்றைக் குற்றம் சொல்வதற்கு முன் லோடைப் பாருங்கள். கிரிஃபித் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 130 மீட்டர்தான். ஆனால் 41 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்துவிடும். இறக்கைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் அது கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரத்து மலைத்தளம் போலத்தான் இருக்கும். அந்த நிலையில் முழு லோடோடு எழும்பினால், பின்னாலிருந்து வரும் ஒரு தள்ளு போதும். எதிர்க்காற்று பின்காற்றாக மாறும் அந்தக் கணத்தில் இறக்கையின் மேல் ஓடும் காற்றின் வேகம் சட்டென்று குறைந்துவிடும். அப்போது இயந்திரம் எவ்வளவு முக்கினாலும் பயனில்லை. உங்கள் விமானி லோடை இன்னும் முன்னதாகவே கொட்டியிருக்க வேண்டும்; தாமதித்தது அவருடைய தவறு.

இங்கே 1949 இல் டைகர் மாத் விமானங்களோடு தொடங்கிய தொழில் இது. மலைச்சரிவில் புல்தரையே ஓடுதளம். இறக்கத்தில் ஓடி விளிம்பில் எழும்ப வேண்டும். எனக்கு நெஞ்சை விட்டுப் போகாதது ஃப்ளெட்சர் விமானம் ஒன்று. அந்த வகையில் உரத் தொட்டி விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வடமேற்குக் காற்று மலைமுகட்டைத் தாண்டி மறுபுறம் அருவி போல் இறங்கிக்கொண்டிருந்தது. எழும்பியவர் அந்த இறக்கத்தில் சிக்கினார். லோடைக் கொட்ட அவர் நெம்புகோலைத் தள்ளியதும் தொட்டியின் வாய் திறந்ததைக் கீழிருந்து கண்ணால் கண்டேன். ஒன்றும் விழவில்லை. முந்தின இரவின் ஈரத்தில் சூப்பர் பாஸ்பேட் உரம் கட்டிபட்டு, பாலம் கட்டியது போல் உள்ளேயே நின்றுவிட்டது. பிறகு ஒரு பெரிய கட்டி மட்டும், பானையிலிருந்து நழுவும் சோற்றுருண்டையைப் போல விழுந்தது. அவர் வேலிக் கம்பிகளைப் பிய்த்துக்கொண்டு எதிர்ச்சரிவில் வயிற்றால் உரசி நின்றார். காயம் பெரிதில்லை. கொட்டகையின் தார்ப்பாயை அன்றிரவு சரியாக இழுத்துக் கட்டாதது யார் என்று நானும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாற்றங்கால் (காலுசா, கலிபோர்னியா)

சேக்ரமென்டோ பள்ளத்தாக்கில் நெல்லை நாற்று விட்டு நடுவதில்லை. விதையை ஊறவைத்து, நீரை வடித்து, தண்ணீர் நிற்கும் வயலில் விமானத்திலிருந்தே விதைப்பார்கள். ஒரு மே மாதம், வறண்ட வடகாற்று குறுக்கே வீச, வெறும் தொட்டியோடு தரையிறங்கிய விமானத்தின் வால் சுழன்று இறக்கை நுனி மண்ணில் குத்தி ஒடிந்தது. விமானி இறங்கி, ஒடிந்த இறக்கையைப் பார்க்காமல் வால் சக்கரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்டது அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதியிருப்பதையெல்லாம் படிக்கும்போது சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இடிமேகம் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று நம்பக் கூடாது. அதிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதிப் பரவி, மேகத்துக்குப் பல கிலோமீட்டர் முன்னாலேயே ஓடி வரும். தூசி எழும்பும் கோடு, திடீர் அமைதி, பிடரியில் குளிர்ச்சி, இம்மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய வேலை முடிந்தது என்று எழுந்துவிட வேண்டும். காற்றுப்பை ஓடுதளத்தின் இரு முனைகளிலும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அது தான் நிற்கும் இடத்தின் கதையைத்தான் சொல்லும். வெயில் ஏற ஏற லோடைக் குறைக்க வேண்டும், வயல் முடிகிறதா என்பதை அதில் கணக்கில் சேர்க்கவே கூடாது. தொட்டியின் அவசர வாய் சரியாகத் திறக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். புகைபோக்கியில் எண்ணெய் பாய்ச்சிப் புகைக்கோடு விட்டுக் காற்றைப் பார்க்கும் வசதி உண்டு. அதை மருந்தடிக்கும்போது மட்டுமல்லாமல் ஒவ்வொரு சுற்றிலும் பயன்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தரையில் நிற்பவர் எவராக இருந்தாலும் நிறுத்து என்று சொல்வதற்கு ஒரே ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

கிளிநொச்சியான்

ஐயா, அறிவுரைக்கு நன்றி, யாரும் கேட்கவில்லை. புகைக்கோடு வானத்தில் சுற்றுகிறவனுக்கு உதவும், ஓடுதளத்தில் உருள்கிறவனுக்கு உதவாது. அந்த ஒற்றைச் சொல் யோசனையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மாலதி (எமரால்ட், குயின்ஸ்லாந்து)

நான் செவிலியாக வேலை பார்த்தவள். விபத்தைக் கண்டதில்லை, கண்டவரைக் கண்டேன். பருத்திக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த விமானி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஹெல்மெட் பிளந்திருந்தது, தலை பிளக்கவில்லை. இரண்டு தோள்களிலிருந்தும் மார்பின் நடுவை நோக்கி, இருக்கைவார் அழுந்திய இடங்களில் ஊதா நிறத்தில் இரண்டு பட்டைகள் பதிந்திருந்தன. சட்டையை நான் கத்தரித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வெளியே மழை பெய்கிறதா? இல்லை என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். அன்று எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழைகூட விழவில்லை.

மேகத்திலிருந்து இறங்கும் மழை வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும் என்றும், அப்படி ஆவியாகும்போது குளிர்ந்து கனத்த காற்றுதான் மண்ணை நோக்கி விழும் என்றும் பின்னாளில் வேறொரு விமானி விளக்கினார். ஈரமே படாத அந்த மழைதான் அவரை அடித்திருக்கிறது. இல்லை என்று இரண்டாம் முறை நான் சொன்னபோது, நான் பொய் சொல்கிறேன் என்பது போல் அவர் என்னைப் பார்த்தார்.

வெட்டாறு

மாலதி அக்கா, எங்களுக்கு அன்று மழை பெய்தது, இருபது நிமிடம் கழித்து. அதற்குள் அவரை இருக்கைவாரிலிருந்து அறுத்து இறக்கியிருந்தோம்.

கிளிநொச்சித் தம்பிக்கு: முன்னதாகவே கொட்டியிருக்க வேண்டும் என்கிறீர்கள். கொட்டிய யூரியா கால்வாய்க்கு இப்பக்கத்துப் புல்லைக் கருக்கி, ஓரங்களை மட்டும் கரும்பச்சையாக்கி, ஒரு பட்டையாகக் கிடந்தது. இரண்டு மாதம் கழித்து அங்கே போனபோது, பட்டை தொடங்கும் இடத்திலிருந்து கரை வரைக்கும் நடந்து அளந்தேன். என் காலடியில் எழுபது. அந்த விமானம் போன வேகத்துக்கு அது ஒரு நொடிக்குச் சற்று மேல். ரேடியோவை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றது அதைவிட நெடுநேரம்.