ஆங்கிலத்தில் வினையடையை எங்கே வைப்பது? கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். எட்டாவது படிக்கும் என் மகளுக்கு நான்தான் வீட்டில் ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறேன். அட்வெர்ப் (வினையடை) பாடத்தில் ரெண்டு பேரும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

'ஷி ஆல்வேஸ் டிரிங்ஸ் காபி' என்பதில் ஆல்வேஸ் வினைச்சொல்லுக்கு முன்னால் வருகிறது. 'ஷி இஸ் ஆல்வேஸ் லேட்' என்றால் இஸ்ஸுக்குப் பின்னால். இதுவரை பிரச்சினை இல்லை. நேற்று 'ஷி ஓப்பன்டு ஸ்லோலி த டோர்' என்று எழுதினாள். ஸ்லோலியைக் கடைசிக்குத் தள்ளித் திருத்தினேன். உடனே, "ஏம்மா, தமிழில் 'மெதுவாகக் கதவைத் திறந்தாள்', 'கதவை மெதுவாகத் திறந்தாள்' ரெண்டுமே சரிதானே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே ஆங்கிலத்தில் பொதுவாக வினையடை வராது என்றேன். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

அதைவிடக் குழப்புவது ஒன்லி. நம் 'மட்டும்' எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதன் பின்னாலேயே நிற்கும்: 'நான் மட்டும் இட்லி சாப்பிடுவேன்', 'நான் இட்லி மட்டும் சாப்பிடுவேன்'. ஆங்கிலத்தில் 'ஐ ஒன்லி ஈட் இட்லி' என்று சொன்னாலும் 'இட்லி மட்டும்' என்றே பேச்சில் எடுத்துக்கொள்கிறார்கள். பரீட்சையில் 'ஐ ஈட் ஒன்லி இட்லி' என்றுதான் எழுத வேண்டுமா?

ஆங்கில ஆசிரியர்கள் யாராவது எளிமையாக விளக்குங்களேன். பயிற்சித்தாள் இருந்தாலும் அனுப்புங்கள். அடுத்த வாரம் அவளுக்குத் தேர்வு.