'ஆச்சி வீடு' குழுவில் ஒரு ஸ்கூட்டர்

திவ்யா: மாமா, இந்த ஸ்கூட்டரைப் பாருங்கள். 2021 மாடல், 22,000 ரூபாய்தான். விளம்பரத்தில் பாளையங்கோட்டை என்று போட்டிருக்கிறது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

கார்த்திக்: 2021க்கு 22,000ஆ?

மீனா அத்தை: நிறம் நன்றாக இருக்கிறது

சண்முகம் மாமா: நேரில் பார்த்தாயா?

திவ்யா: இல்லை மாமா. அவர் ராணுவத்தில் இருக்கிறாராம், இப்போது திருவனந்தபுரத்தில். மாற்றலாகிப் போவதால் அவசரமாக விற்கிறாராம். அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் அனுப்பினார். வண்டி பார்சலில் வந்துவிடுமாம்.

புஷ்பா பெரியம்மா: பட்டாளத்துக்காரர் பொய் சொல்ல மாட்டார்

கார்த்திக்: அம்மா, இவன் பட்டாளத்துக்காரனே இல்லை. பெங்களூரில் என் ரூம்மேட்டிடமும் இதே கதைதான் சொன்னார்கள்.

சண்முகம் மாமா: திவ்யா, பொறுமையாகப் படி. படத்தில் தெரிகிற நம்பரை, வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். அது ஒரு மோட்டார் பைக்கின் நம்பர். வண்டியைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. நல்ல வண்டியே கிடைத்தாலும் ஆர்சியில் கடன் பதிவு இருக்கிறதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் வேண்டும். பெயர் மாற்றப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள்.

புஷ்பா பெரியம்மா: இவ்வளவு தெரிந்தவன் அப்பாவின் டிவிஎஸ் 50ஐ விற்கும்போது எங்கே போயிருந்தாய் தம்பி?

சண்முகம் மாமா: அதனால்தான் அக்கா சொல்கிறேன். 2016இல் புரோக்கர் கையில் ஆர்சி புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன், பெயர் மாற்றவில்லை. வண்டி யார் மீதோ மோதி, இறந்துபோன அப்பா பெயருக்குக் கோர்ட் நோட்டீஸ் வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது அம்மா. நான் வரும்வரை அந்தப் பழுப்பு உறையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். காபிகூடக் குடிக்கவில்லை.

புஷ்பா பெரியம்மா: அந்த 4,500 ரூபாய் இன்னும் கணக்கில் வரவில்லை

மீனா அத்தை: அத்தையின் கண் ஆபரேஷனுக்குத்தான் போனது மதினி. எத்தனை தடவை சொல்வது

செல்வி: அதை விடுங்கள். பழைய பீரோவை நானும் விளம்பரத்தில் போட்டிருக்கிறேன். ஒருவர் பேரமே பேசாமல் 6,000க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். கட்டம் கட்டமாக ஒரு படம் அனுப்பியிருக்கிறார். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடுமாம். போடவா?

கார்த்திக்: சித்தி வேண்டாம்

கார்த்திக்: போடாதீர்கள்

சண்முகம் மாமா: செல்வி, பின் நம்பர் போட்டால் உன் பணம்தான் போகும். நமக்கு வர வேண்டிய பணத்துக்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். அந்த ஆளை பிளாக் செய்.

புஷ்பா பெரியம்மா: பேரம் பேசாமல் பீரோ வாங்குகிற ஆள் எந்த ஊரில் இருக்கிறான்? அது அம்மாவின் பீரோ அல்லவா? விற்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

செல்வி: அடித்தட்டு துருப்பிடித்து உதிர்கிறது அக்கா

புஷ்பா பெரியம்மா: உதிரட்டும்

திவ்யா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா அத்தை: என்னம்மா அழித்தாய்?

திவ்யா: மாமா, நேற்று ராத்திரி பார்சல் செலவு என்று 2,100 அனுப்பிவிட்டேன். காலையில் இன்னும் 5,150 கேட்கிறார். வண்டி வந்ததும் திருப்பித் தந்துவிடுவாராம். அம்மா, நேற்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

செல்வி: அடிப்பாவி

சண்முகம் மாமா: யாரும் அவளைத் திட்ட வேண்டாம். திவ்யா, இப்போதே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போடு. பணம் அனுப்பியதற்கான யுடிஆர் என்கிற பரிவர்த்தனை எண், அவன் நம்பர், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் வைத்துக்கொள். சாட்டை அழித்துவிடாதே. சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த முயல்வார்கள். வங்கிக்கும் சொல்லிவிடு.

கார்த்திக்: நானும் லைனில் வருகிறேன் திவ்யா

மீனா அத்தை: ஞாயிற்றுக்கிழமை திவசத்துக்கு இலை யார் வாங்குவது?

திவ்யா: புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்துவிட்டது மாமா. பணம் கிடைக்குமா என்று சொல்லவில்லை.

சண்முகம் மாமா: சரி. மகாராஜ நகரில் ஒரு டீச்சரம்மாவின் வண்டி 38,000க்கு இருக்கிறது. மெக்கானிக்கோடு ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போவோம். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், காலையில் லேசில் கிளம்பாத வண்டியாக இருக்கலாம். வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்வோம், ஆர்சியோடு ஒத்துப்பார்க்கலாம்.

புஷ்பா பெரியம்மா: ஞாயிறு காலை திவசம். மகன் நீ இல்லாமல் யார் செய்வது?

சண்முகம் மாமா: அப்படியானால் சனிக்கிழமை மாலை. டீச்சரம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

திவ்யா: 38,000க்கு என்னிடம் 30தான் இருக்கிறது மாமா

புஷ்பா பெரியம்மா: மீதிக்கு நான் இருக்கிறேன். செல்வி, பீரோ விளம்பரத்தை எடுத்துவிட்டாயா?

செல்வி: எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. கார்த்திக்?

மீனா அத்தை: இலை?