ஏற்றத்தில் மட்டும் சூடாகும் இன்ஜின்: டெத் வேலி விழாவுக்கு முன் உதவி தேவை

நவம்பரில் கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் நடக்கும் ஃபார்ட்டி நைனர்ஸ் விழாவுக்குப் போக வேண்டும். 1849இல் தங்கம் தேடிக் கிளம்பி அந்தப் பாலைவனத்தில் வழி தவறிய மாட்டு வண்டிக் கூட்டத்தின் நினைவாக நடப்பது. நாமும் நடுவழியில் நின்றால் விழாவுக்குப் பொருத்தம்தான். ஆனால் உடன் வருவது மாமனார், மாமியார்.

வண்டி 2013 மாடல் செடான், நாலு சிலிண்டர், ஆட்டோமேட்டிக். மார்ச்சில் போனபோது, திரும்பும் வழியில் பூங்காவுக்குள் இருக்கும் ஸ்டவ்பைப் வெல்ஸ் என்ற சிற்றூரிலிருந்து டவுன் பாஸ் என்ற மலைக் கணவாய்க்கு ஏறுகையில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர், ஒரே மூச்சில் ஏற்றம். ஏசியை அணைக்கச் சொல்லிச் சாலையிலேயே பலகை உண்டு, அணைத்தேன், பயனில்லை. ஹீட்டரை முழு வேகத்தில் வைத்ததும் முள் மெல்ல இறங்கியது. சமதளத்தில், ஊர் டிராஃபிக்கில் ஒரு தொல்லையும் இல்லை.

அப்புறம் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறக்கும் வால்வு), ரேடியேட்டர் மூடி, கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எல்லாம் மாற்றியாயிற்று. ஃபேன் ஓடுகிறது. கசிவு இல்லை, கூலண்ட் குறையவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை. இருந்தும் போன வாரம் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் அதே கதை. ஒரு மெக்கானிக் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது என்கிறார். இன்னொருவர் கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்தான் கோளாறு என்கிறார். இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் பணம். அந்தப் பாதையில் செல்போன் சிக்னலும் கிடைக்காது.

இந்த அறிகுறிகளுக்கு முதலில் எதை மாற்றுவது, ரேடியேட்டரா, வாட்டர் பம்பா?